நாய்த் தீனியும் நியாயத் தராசும்

கேள்வி: விலங்கு வதைப் புகாரில் சிக்கிய கம்பெனியின் தீனியை என் நாய்க்கு வாங்கலாமா?
- ஒரு வாசகி, சேலையூர்

பதில்: மூன்று எடைக்கற்களைப் போடுங்கள். புகார் சொன்னது யார்? ஆதாரம் என்ன? அதன்பின் கம்பெனி என்ன செய்தது? அயம்ஸ் என்ற நாய்த் தீனிக்காகச் சோதனை நடத்திய அமெரிக்க ஆய்வகத்தில் நாய்கள் வதைபடுவதாக 2003-இல் விலங்கு உரிமைக்காகப் போராடும் பீட்டா அமைப்பு ரகசியமாக எடுத்த படத்தை வெளியிட்டது. கம்பெனி அந்த ஆய்வகத்தோடு உறவை முறித்துக்கொண்டது. 2014-இல் அயம்ஸின் பெரும்பகுதி, பெடிகிரி தயாரிக்கும் மார்ஸிடம் கைமாறியது. கடை கைமாறினால் பழைய பாவமும் கைமாறுமா? அதற்கு உங்கள் மனசாட்சிதான் நீதிபதி.

இந்த வழக்கில் நம்ம சென்னைக்கும் பங்கு உண்டு. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாதான் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. விலங்குகள் மீதான சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவுக்கும் அச்சட்டமே வழிசெய்தது.

இன்னும் மனசு ஒப்பவில்லையா? கால்நடை மருத்துவரைக் கேட்டு வீட்டிலேயே சமைத்துப் போடுங்கள்; வெங்காயம் கூடவே கூடாது. ஆனால் ஒன்று: பாக்கெட்டோ, பாத்திரமோ, உள்ளே போகும் கோழியிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை!