வாசலேறி வந்தவரை "வாங்க" சொல்லும் குட்டி

செட்டிநாட்டில் வாசலேறி வந்தவரை முதலில் "வாங்க" என்று சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. கானாடுகாத்தான் வீடொன்றில் வளரும் ராஜபாளையம் நாய்க்குட்டி இந்த மரபை நன்றாகவே கற்றுக்கொண்டது. முகப்பில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், வளவிலிருந்து ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கிக்கொண்டே வந்து, விருந்தாளியின் வெள்ளை வேட்டியில் முன்னங்கால் இரண்டையும் பதித்துவிடும்.

அந்நியரைக் கண்டால் விறைத்துக்கொள்ளும் இனம் என்று பெயர். 2005-இல் அஞ்சல் துறை இந்த இனத்துக்குத் தபால்தலையே வெளியிட்டது. தபால்காரர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

தாவாமலிருக்கப் பழக்கும் பயிற்சி என்னவோ எளிதுதான். தாவினால் விருந்தாளி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நான்கு காலும் தரையில் இருந்தால் மட்டும் கொஞ்சல், கொஞ்சம் தீனி. குட்டிக்குப் புரிந்துவிட்டது. ஆச்சிக்குத்தான் ஏறவில்லை. "வந்தவுக மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கணுமாக்கும்? நல்ல முறை!" என்று சொல்லிவிட்டு, தாவிய குட்டிக்கே சீப்புச்சீடை போடுகிறார். விருந்தாளியோ, "பரவாயில்ல ஆச்சி, எனக்கு நாய்ன்னா உசுரு" என்று அதன் காதைச் சொறிகிறார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். குட்டிக்குக் கயிறு வாங்கியாயிற்று. சீடை டப்பாவை எங்கே ஒளிப்பது என்றுதான் பேச்சு நடக்கிறது.