அப்பத்தா கோணம்: குடும்ப ஜீப்பின் பெருடயரும் சிறுதூக்கலும் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தேன். பிறமொழிச் சொல்லுக்குப் பின் ஒற்று மிகுமா, மிகாதா என்று இரண்டு பேராசிரியர்கள் முக்கால் மணி நேரம் மோதிக்கொண்டார்கள். எடுத்துக்காட்டாக அவர்கள் கையில் அகப்பட்ட சொல் ‘டயர்க்கடை’. அந்த முக்கால் மணி நேரத்தில் உண்மையான டயர்க்கடையில் நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டி, காற்றும் பிடித்து, டீயும் குடித்து முடித்திருப்பார்கள். டயர் பற்றி இவ்வளவு பேசலாம் என்றால் நானும் பேசலாமே என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆய்வுக்களம்: மதுரையில் எங்கள் வீடு, வாசல், தெரு. ஆய்வுப்பொருள்: 2024 ஆகஸ்டில் ஐந்து கதவோடு வெளிவந்த தார் ரகத்தில் ஒன்று. தகவலாளர்: மச்சான், டயர்க்கடை அண்ணன், மனைவி, அப்பத்தா. கருதுகோள்: டயரைப் பெரிதாக்கி வண்டியைக் கொஞ்சம் தூக்கினால் குடும்பம் சிறக்கும். கருதுகோளை வகுத்தவன் நானே ஆதலால் ஆய்வின் முடிவும் அதுவே. இடையில் உள்ளவை மரபு கருதிச் சேர்க்கப்பட்டன.

பெயராய்வு

தார் என்பது பழந்தமிழில் அரசன் மார்பில் கிடக்கும் மாலை. படையின் முன்னணிக்கும் தார் என்றே பெயர். கிளியின் கழுத்து வளையமும் தார், வாழைக்குலையும் தார். இவற்றுள் எதுவும் இவ்வண்டிக்குப் பொருந்தாது, ராஜஸ்தானத்துப் பாலைவனமே பெயருக்கு மூலம் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? எங்கள் வண்டி நாளது தேதிவரை தார்ச்சாலையை விட்டு இறங்கியதில்லை. ஆகவே இது காரணப்பெயர் என்க.

முன்னோர் முயற்சி

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைக் கொடைமடத்துக்கு எடுத்துக்காட்டுவது வழக்கம். பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலைக்கு ஒருமுறை போய், அடிவாரத்தில் நின்று இளநீர் குடித்தபோது எனக்கு வேறொன்று பட்டது. கொடி அச்சில் சுற்றிக்கொண்டது, தேர் நகரவில்லை, கூட வந்த புலவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மன்னன் அந்த இடத்தில் என்ன சொல்வான்? ‘கொடுத்துவிட்டேன்’ என்பான். ஆக, கிரவுண்ட் கிளியரன்ஸ் போதாமல் காட்டில் விடப்பட்ட வண்டிகளில் நமக்குத் தெரிந்த மூத்த வண்டி அதுவே. இதற்குச் சான்று போதாது என்று சிலர் சொல்லக்கூடும். இதைவிடக் குறைந்த சான்றுக்கு முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அதைச் சொல்லாமலிருப்பது நல்லது.

எழுத்ததிகாரம்

எழுத்தெனப்படுவது டயரின் பக்கச்சுவரில் புடைத்து நிற்பது. எங்கள் வண்டியோடு வந்தது 255/65 R18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவர் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை உயரம் என்பது, இங்கே 165.75 மி.மீ. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் சதவீதமும் அங்குலமும் தோளில் கைபோட்டு நிற்பதைப் புலவர்கள் மயக்கம் என்பர். வாங்குபவனுக்கும் அதுவே வரும்.

R என்பது ரேடியல். இதை ஆரம் என்று எடுத்துக்கொண்டு மச்சான் போட்ட கணக்கில் டயர் அப்பத்தாவின் தோள் உயரத்துக்கு வந்தது. பாடபேதம் எனத் தள்ளினோம்.

மச்சான் முன்மொழிந்த அளவு 265/70 R18. பழைய டயரின் முழு விட்டம் 788.7 மி.மீ.; புதியதன் விட்டம் 828.2. வேறுபாடு நாலு செ.மீ.க்கு அரை மி.மீ. குறைவு. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான், சுமார் 20 மி.மீ. மீதிப் பாதி சக்கரத்தின் மேல்பக்கம் போய், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்கார்டின் உட்புறத்தை உரசிப் பார்க்கும். ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் நூற்றுக்கு ஐந்து கூடுவதால், மீட்டர் 60 என்று சொல்லும்போது வண்டி 63இல் போகும். கிலோமீட்டர் கணக்கும் அதேபோல் குறைத்துக் காட்டும். ஆகவே மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புவோர் புலம்பலில் ஒரு பங்கு கணக்குப்பிழை. மறுபங்கு உண்மை, கனத்த டயரை உருட்டவும் நிறுத்தவும் வண்டி கூடுதலாகத்தான் பாடுபடும்.

சுமை எண் 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா ஏற்றும் அரிசி மூட்டை, தேங்காய், பூசணி ஆகியவற்றை இந்த எண்ணை வகுத்தவர்கள் பார்த்ததில்லை.

நாலு இலக்கத் தேதி: 1424 என்றால் 2024இன் 14ஆம் வாரம் பிறந்த டயர். ஜாதகம் பார்க்காமல் வாங்கற்க.

சொல்லதிகாரம்

சொல் மூவகைப்படும். எச்.டி.: சாலைக்கு. ஏ.டி.: சாலைக்கும் மண்ணுக்கும். எம்.டி.: சேற்றுக்கு, தார்ச்சாலையில் மாவு மில்போல் இரையும், மழையில் நனைந்த தாரில் அவ்வளவாகப் பிடிக்காது.

‘எம்.டி.தான் மாப்ள கெத்து’ (மச்சான், குரல் பதிவு, 1 நிமிடம்). ‘குடும்ப வண்டிக்கு ஏ.டி. போதும்ணே’ (டயர்க்கடை அண்ணன், முதல் டீ). ‘எம்.டி.யும் நல்லாத்தாண்ணே இருக்கும்’ (மேற்படி ஆசிரியர், இரண்டாம் டீ, கடையில் ஒரு செட் எம்.டி. விற்காமல் கிடப்பது நினைவுக்கு வந்தபின் திருத்திய பதிப்பு). ‘ம்’ (மனைவி, அடுப்படி, முகம் திருப்பாமல், இந்த ஓரெழுத்துக்கு இசைவு, வெகுளி, ‘எங்க அண்ணன் பேச்சைக் கேட்டு ஆடுறீங்க’ என மூன்று உரைகள் உண்டு. மூன்றாவதே மூலத்தோடு நெருக்கமானது).

தூக்கலியல்

தூக்கல் என்பது ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்தோ, ஸ்பிரிங்கையே நீளமாக மாற்றியோ உடம்பை உயர்த்துவது. அடக்கமான தூக்கல் இரண்டு அங்குலம், ஏறத்தாழ 50 மி.மீ. டயர் தரும் 20ஐயும் கூட்டினால் 70 மி.மீ. நம் அளவில் நாலு விரற்கடை. இத்தனை நூலும் இத்தனை டீயும் இந்த நாலு விரலுக்காகத்தான்.

தூக்கலுக்கும் டயருக்கும் உள்ள வேறுபாட்டை நூலோர் மயங்கக் கூறுவர். தூக்கல், வேட்டியை மடித்துக் கட்டுவது. டயர், செருப்பை மாற்றுவது. வேட்டியை எவ்வளவு ஏற்றிக் கட்டினாலும் பாதம் சேற்றில்தான் இருக்கும். அதுபோல, பின்னால் இரு சக்கரத்துக்கும் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டைத் தூக்கலால் உயர்த்த முடியாது. பெரிய டயர்தான் அதைக் கல்லில் முட்டாமல் காக்கும். தூக்கியபின் முன்சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் சாய்ந்து நின்று மூட்டு சீக்கிரம் தேயும். அலைன்மென்ட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டைத் தாழ்த்தாவிட்டால் எதிரில் வருபவர் கண்ணில் அடித்து அவர் வாயால் நம் குலம் முழுதும் வாழ்த்தப்படும்.

திணையியல்

குறிஞ்சி: கொடைக்கானல். மேலே போகும்வரை நல்ல தார். தூக்கிய வண்டி வளைவுதோறும் கூடுதலாகச் சாயும். பின்சீட்டில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்க.

முல்லை: காடு. வனத்துறை விடாது.

மருதம்: உரிப்பொருள் ஊடல். டயர் பில்லை மனைவி பார்த்த அன்று நிகழ்ந்தது.

நெய்தல்: மணலில் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்கினால் டயர் பரந்து புதையாமல் போகும் என்பது உண்மை. இறக்கியபின் திரும்ப ஏற்றக் கடற்கரையில் பங்க் இல்லை. உரிப்பொருள் இரங்கல் என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை.

பாலை: இதற்குத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம். எங்கள் தெரு குடிநீருக்கு ஒருமுறை, சாக்கடைக்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை என்று மும்முறை திரிந்தது. தெருமுனையில் ஒரு வேகத்தடை. இந்தியச் சாலைப் பேரவை நெறிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் கடக்கும்படி இருக்க வேண்டும். எங்களுடையது ஒரு சாண் உயரம், ஒரு முழம் அகலம். அது வேகத்தடை அன்று. படுக்கப் போட்ட நடுகல்.

எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பாறைப் பாதையில் பழைய வாடகை ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு, ஒல்லி டயரில், விடியுமுன் ஏறிப் போகின்றன. ஓட்டுநர் ஒரு கையில் பீடி பிடித்திருக்கிறார். இது என் கருதுகோளுக்கு இடையூறு செய்வதால் ஆய்வு மரபுப்படி விடப்பட்டது.

பொருளதிகாரம்

பொருள் என்றது காசு. தொகையை வெளியிடுவது ஆய்வறமாகாது. மனைவியும் இதழ்கள் படிப்பவர்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. இப்பிரிவுக்கு ‘பாத்துக்கலாம்ணே’ என்று டயர்க்கடை அண்ணன் எழுதிய ஒருசொல் உரை உண்டு. விபத்துக்குப்பின் இன்சூரன்ஸ்காரர் அந்த உரையை ஏற்பதில்லை. இவ்விடத்தில் ஆய்வாளன் இருமினான் என்று கொள்க.

அப்பத்தா கோணம்

இனி ஆய்வின் உயிர்நிலை. வண்டி நூல்கள் மூன்று கோணம் கூறும்: மேடேறும்போது முன்பம்பர் தட்டாத கோணம், மேட்டு உச்சியில் வயிறு தட்டாத கோணம், இறங்கும்போது பின்பம்பர் தட்டாத கோணம். மூன்றும் வண்டியைப் பற்றியவை. வண்டிக்குள் யார் எப்படி ஏறுவார் என்று எந்த நூலும் பேசவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே யான் பிறந்தேன்.

அப்பத்தா கோணமாவது, தரையில் ஊன்றிய இடக்காலுக்கும் படியில் வைத்த வலக்காலுக்கும் இடையே கண்டாங்கிச் சேலை அனுமதிக்கும் பெரும அளவு. இது மாறிலி அன்று. கொள்ளுப்பேத்தியின் வளைகாப்புக்குப் போகும்போது விரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சுருங்கும். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தால் இல்லாமலே போகும்.

தூக்கிய மறுநாள் விடியற்காலை, மனைவியின் தையல் மெஷினிலிருந்து டேப்பை எடுத்துப்போய்க் குந்தி உட்கார்ந்து படியின் உயரத்தை அளந்தேன். பின்னால் வந்து நின்று அப்பத்தா கேட்டார்: ‘ஏய்யா, வண்டி வாங்குனியா, வைக்கப்போரு வாங்குனியா? ஏணி எங்க?’ (அப்பத்தா, வாசலுரை, மூன்றாம் பதிப்பு. முதலிரண்டு பதிப்புகள் அம்மாவைப் பார்த்துச் சொல்லி என்னைக் குத்தியவை. நான்காம் பதிப்பு கறிவேப்பிலைக்காரரிடம் வழங்கப்பட்டு, அவர் வழியே அடுத்த தெருவரை பரவியது. அங்கே ‘ஏணி’ என்பது ‘கிரேன்’ என்று திரிந்து வழங்குகிறது.)

ஏறுதல் ஐந்து நிலைப்படும்: பார்த்தல், வைதல், பற்றல், ஊன்றல், ஏறல். இவற்றுள் வைதல் ஏனை நான்குக்கும் பொது. பற்றலில் வெற்றிலைச் சாயமேறிய விரல்கள் கண்ணாடித் தூணின் கைப்பிடியைப் பிடித்து, இது நம்மைத் தாங்குமா என்று இருமுறை ஆட்டிப் பார்க்கும். ஊன்றலில் வலக்கால் படியேற, இடக்காலின் ரப்பர் செருப்பு மட்டும் தரையிலேயே தங்கிவிடும். ஏறலில் பின்கொசுவம் படியின் போல்ட்டில் மாட்டும். அப்போது பின்னாலிருந்து தூக்கிவிடப் பேரன் கை நீட்டினால் ஆய்வு மறுபடி இரண்டாம் நிலைக்குப் போகும்.

தீர்வாக, குளிக்கும்போது உட்காரும் பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டோம். இதிலிருந்து முக்காலி முரண் பிறந்தது. நாலு விரற்கடை உயர்த்தக் காசு கொடுத்தவன், அதை ஈடுகட்ட ஒரு சாண் உயர முக்காலியைச் சுமக்கிறான். அப்பத்தா ஏறியபின் முக்காலி தெருவில் நிற்கிறது. போன இடத்தில் இறங்கவும் அது வேண்டும். ஆகவே யாராவது இறங்கி, எடுத்து, டிக்கியில் போட்டு, திரும்ப ஏற வேண்டும். அந்த யாராவது எப்போதும் அம்மா. அவருக்கும் முழங்கால் வலி. அம்மாவுக்கு ஒரு முக்காலி என்றால் அந்த முக்காலியை எடுப்பது யார்? இந்த வரிசை முடிவிலாதது.

முடிவுரை

ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கோயிலுக்குக் கிளம்பினோம். ஐந்து நிலையும் கடந்து அப்பத்தா முன்சீட்டில் அமர்ந்தார். செருப்பு தனியாக ஏற்றப்பட்டது. முக்காலி டிக்கியில். கருதுகோளைக் கைவிடுவது பற்றி நானும் மனத்துக்குள் ஒரு பத்தி எழுதத் தொடங்கியிருந்தேன். வண்டி அடுத்த வீட்டு மதிலோரம் ஊர்ந்தபோது அப்பத்தா ‘நிப்பாட்டு’ என்றார்.

நிறுத்தினேன். முந்தைய உயரத்தில் அந்த மதிலின் மேல் வரிசைச் செங்கல்தான் கண்ணுக்கு நேரே இருக்கும். இப்போது மதிலுக்கு மேலே இரண்டு கண்கள் போயிருந்தன. கழுத்தை நீட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

‘போன தைப்பொங்கலுக்கு இரவல் வாங்கிட்டுப் போயி, குடுத்துட்டோம் குடுத்துட்டோம்னு சாதிச்சாகளே, நம்ம பித்தாள அண்டா. அவுக கொல்லையில துளசி வச்சிருக்காக.’

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்சீட்டிலிருந்து மனைவியின் ‘ம்’ வந்தது. இம்முறை இசைவு என்றே எல்லா உரையும் கூறும்.

அப்பத்தா கைப்பிடியைத் தட்டிக்கொடுத்தார். ‘அண்டாவுக்குப் பின்னால இன்னும் என்னமோ கெடக்குய்யா, சரியாத் தெரியல. அந்த டயர்க்காரத் தம்பிகிட்டச் சொல்லி இன்னொரு ரெண்டு வெரக்கடை தூக்கச் சொல்லு.’