மீனுக்கு மூன்று இலை, மனுதாரருக்கு ஓர் அங்குலம்

அனுப்புநர்: மனுதாரர், மூன்று வரிசை எஸ்யூவி ஒன்றின் உரிமையாளர், கொலராடோ ஸ்பிரிங்ஸ், அமெரிக்கா.

பெறுநர்: தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், வாஷிங்டன் டி.சி.

பொருள்: முன்சக்கரங்களுக்குப் பிரேக் பேடும் ரோட்டரும் வாங்க வழிகாட்டக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

மனுதாரர் நலம். அதாவது, கடைசியாக மிதித்தபோது வண்டி நின்றது. மூன்று வாரமாக முன்சக்கரத்தில் கீச்சென்று ஒரு சத்தம். பேட் தேய்ந்து, அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு ரோட்டரில் உரசுகிறது என்றார் மெக்கானிக். ரோட்டரையும் அளந்து பார்த்தார். அதில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனைவிட அது மெலிந்துவிட்டிருந்தது. இரண்டையும் மாற்ற வேண்டும், எதை வாங்குவது என்பது உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். மனுதாரருக்குப் பிடித்த சனி அந்த 'விருப்பம்' என்ற சொல்லில்தான் தொடங்கியது.

உதிரிபாகக் கடையில் ஒரே வண்டிக்கு ஏழு வகைப் பெட்டிகள். செராமிக் என்றால் சத்தம் குறைவு, சக்கரத்தில் கரியும் குறைவாகவே படியும். செமி மெட்டாலிக் என்றால் சூட்டைத் தாங்கும்; ஆனால் கொஞ்சம் இரையும், ரோட்டரையும் தின்னும். ரோட்டரிலோ வழவழப்பானது, கோடு கீறியது, துளையிட்டது என்று மூன்று ஜாதி. துளையிட்டது பார்க்க ஜோராக இருந்தது. மனுதாரர் கை அதன் பக்கம் போனபோது, ஊரிலிருந்து வந்திருக்கும் தகப்பனார் தடுத்தார். அவர் மேட்டுப்பாளையம்–ஊட்டி தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஓட்டை போட்ட இடத்துலதான்டா முதல்ல விரிசல் விடும். உனக்கென்ன, ரேஸா ஓட்டப்போறே?"

"அப்ப எதுப்பா நல்லது?"

"எல்லாப் பெட்டியிலயும் மலைப் படம் போட்டிருக்கான். மலை இறங்கிப் பார்த்தவன் எவனாவது இதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கானா, அதைப் பாரு."

மனுதாரர் பார்த்தார். கையெழுத்து எதுவும் இல்லை. இந்த மனுவுக்குக் காரணம் அதுவே.

தங்கள் நிர்வாகத்தின் 135ஆம் எண் பாதுகாப்புத் தரம், மொத்த எடை 3,500 கிலோ வரையுள்ள புது வண்டி, பிரேக் சூடேறாத நிலையில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்கிறது. மெச்சத்தக்க விதி. பிரேக் ஹோஸுக்குத் தனியாக 106ஆம் எண் தரம். அதில் ஓடும் எண்ணெய்க்கு 116ஆம் எண் தரம். டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் அச்சடிப்பது அதன்படிதான். குழாய்க்குச் சட்டம் உண்டு, குழாயில் ஓடும் எண்ணெய்க்குச் சட்டம் உண்டு. கடைசியில் ரோட்டரைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற பேட், மாற்று உதிரியாகக் கடைக்கு வந்துவிட்டால், அது எத்தனை மீட்டரில் வண்டியை நிறுத்த வேண்டும் என்று கேட்கக் கூட்டாட்சித் தரம் எதுவும் கிடையாது. பழுது நிரூபணமானால் திரும்பப் பெற வைக்கும் அதிகாரம் தங்களுக்கு இருப்பதை மனுதாரர் மறுக்கவில்லை. அது வீடு பற்றிய பிறகு வெட்டும் கிணறு என்பது மட்டுமே அவருடைய பணிவான குறை.

பேட் விளிம்பில் 'எஃப் எஃப்', 'ஜி ஜி' என்று இரண்டெழுத்து இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். மனுதாரரும் அதை நம்பி மகிழ்ந்தவர்தான். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது கடும் சூட்டில் எவ்வளவு என்று காட்டும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. பிறகுதான் தெரிந்தது, இந்த அளவு வண்டியில் பூட்டிப் பார்த்து எடுத்ததல்ல. பேடிலிருந்து ஓர் அங்குலச் சதுரத் துண்டு வெட்டி, ஆய்வகத்தில் சுழலும் உருளையில் அழுத்திப் பார்த்து எடுத்தது. ஒரு சோறு பதம்தான். ஆனால் பானையின் எடை 2,600 கிலோ.

அந்தப் பானையின் கணக்கையும் மனுதாரர் போட்டுப் பார்த்தார். 2,600 கிலோ வண்டியை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து ஒருமுறை நிறுத்தினால் சுமார் 10 லட்சம் ஜூல் வெப்பம். மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். இருபத்தைந்து பேருக்கு டீ. ஊருக்குப் பக்கத்திலேயே 4,302 மீட்டர் உயர பைக்ஸ் பீக் இருக்கிறது. உச்சியிலிருந்து 800 மீட்டர் இறக்கத்தைப் பிரேக்கை நம்பி மட்டுமே இறங்கினால் 60 லிட்டர் கொதிக்கும்; கல்யாண வீட்டு அண்டா. அந்தச் சாலையில் இறங்கும் வண்டிகளை கிளென் கோவ் என்ற இடத்தில் நிறுத்தி, சக்கரத்தருகே கருவியை நீட்டிப் பிரேக் சூட்டை அளக்கிறார்கள். அனல் அதிகமென்றால், ஆறும்வரை ஓரங்கட்டச் சொல்கிறார்கள். மலையடிவார நகரம் ஒன்று ஒரு சூடுமானியை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வியைத்தான், தங்கள் நிர்வாகம் பெட்டிக்காரரிடம் கேட்கக் காணோம்.

பெட்டியில் முத்திரை எதுவுமே இல்லை என்று சொன்னால் மனுதாரர் பொய்யராவார். மூன்று இலை போட்ட ஒரு சின்னம் இருந்தது. அது மீனுக்கு. பேட் தேய்ந்து உதிரும் செம்புத்தூள் மழைநீரோடு ஓடையில் கலந்தால் சால்மன் மீனின் மோப்பசக்தி கெடுகிறது; எதிரி வருவது அதற்குத் தெரியாமல் போகிறது. அதனால் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010இல் சட்டம் இயற்றின. 2021இல் செம்பு 5 சதவீதத்துக்குக் கீழே வந்தது. 2025 முதல் 0.5 சதவீதத்துக்குக் கீழே. அதற்கான சான்றுதான் மூன்று இலை. நல்ல சட்டம், மீன்கள் நீடூழி வாழ்க. ஆனால் ஒரே பெட்டி, தன்னால் ஓடை மீனுக்கு ஆபத்தில்லை என்று சான்று காட்டுகிறது. பின்சீட்டில் தூங்கும் குழந்தை விஷயத்தில் வாய் திறப்பதில்லை. இதைத் தகப்பனாருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல மனுதாரர் பட்ட பாடு தனிக் கதை.

ஐரோப்பாவில் இந்த வேலை நடக்கிறது. ஐ.நா. ஒழுங்குமுறை 90இன்படி, மாற்றுப் பேடை வண்டியில் பூட்டிச் சோதித்து, அசலின் செயல்திறனோடு ஒப்பிட்டு, 15 சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருந்தால்தான் ஒப்புதல். ரோட்டருக்கும் அங்கே விதி உண்டு. மனுதாரர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை; பார்த்து எழுதினாலே போதும் என்கிறார்.

தங்கள் பதில் வரும்வரை கீச்சுச் சத்தத்தோடு காத்திருக்க முடியாததால், தகப்பனார் தலைமையில் தற்காலிக ஏற்பாடு ஒன்று ஆகிவிட்டது. வண்டித் தயாரிப்பாளரே விற்கும் பேட். துளையில்லாத, துருப்பிடிக்காதபடி பூச்சிட்ட ரோட்டர். அதன்மேல் பூசியிருந்த எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டுத்தான் பூட்டினார்கள். பிறகு காலிச் சாலையில் மிதமாக மிதிப்பதும் ஆறவிடுவதுமாக முப்பது தடவை. மலை இறக்கத்துக்கும் தகப்பனாரின் உத்தரவு அமலில் இருக்கிறது: "ஏறின கியர்லயே இறங்கு."

இங்ஙனம்,
மனுதாரர்

இணைப்பு: மனுதாரரின் வண்டியைக் காட்டும் ஓர் அங்குலச் சதுரப் புகைப்படம். இடப்பக்கக் கதவின் கைப்பிடி மட்டுமே தெரியும். வண்டி எங்கே நிற்கும் என்பதை அதிலிருந்து கணித்துக்கொள்ள வேண்டுகிறார்.