இரண்டு ரூபாய்ப் பொங்கல்

ஓட்டலில் பில் வரும் நேரத்தில்தான் மனிதர்களின் குணம் தெரியும். ஒருவர் கை கழுவப் போவார், போனவர் வரமாட்டார். இன்னொருவருக்கு அப்போதுதான் ஊரிலிருந்து அவசர போன் வரும். என் அக்கா மகன் முகுந்தன் மட்டும் பில்லின்மேல் பாய்வான். "நான் கட்டுறேன், நான் கட்டுறேன்!" முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சர்வர் மெஷினை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனதும் பையன் எங்கள் பக்கம் திரும்பினான். "ஆளுக்கு 312 ரூபா. எனக்கு ஜிபே பண்ணிடுங்க. மாமா, நீங்க ரெண்டு காபி. 355."

பணம் நம்முடையது, பாயின்ட் அவனுடையது.

வயது 24. பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி வேலை, பெருங்குடியில் பி.ஜி. வாசம். இந்த ஜாதி ஆள் உங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கக்கூடும். பர்ஸில் காசு இருக்காது, ஆறு கிரெடிட் கார்டு இருக்கும். எந்தப் பொருளைக் காட்டினாலும் விலை கேட்கமாட்டான், "எதுல வாங்கினீங்க?" என்பான். ரொக்கம் கொடுத்து வாங்கினேன் என்றால், இழவு விசாரிப்பது போல ஒரு பார்வை பார்ப்பான்.

முதல் கார்டு வாங்கியது ஒரு படலம். வேலைக்குச் சேர்ந்த கையோடு, ஒரே வாரத்தில் ஐந்து வங்கிக்கு விண்ணப்பம் போட்டான். ஐந்திலும் மன்னிக்கவும். கடனே வாங்காதவனுக்கு சிபில் மதிப்பெண் எங்கிருந்து வரும்? 300க்கும் 900க்கும் நடுவில் பையன் எங்கேயுமே இல்லை. கடன் வாங்கியிருந்தால்தான் கடன் தருவார்களாம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதை. போதாததற்கு, ஒரே சமயத்தில் நாலு இடத்தில் கை நீட்டினால் அதுவும் குறிப்பில் ஏறி, பணத்துக்குப் பறக்கிற ஆள் என்று பெயராகிவிடும். கடைசியில் தீபாவளி போனஸில் 20,000 ரூபாய்க்கு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு, அதை ஈடு காட்டி ஒரு கார்டு வாங்கினான். புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு அதுதான் நல்ல வழி என்று விவரம் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். இருந்தாலும், எங்கள் வம்சத்தில் இதுவரை கடன் வாங்கியவர்கள் எல்லோரும் அடுத்தவன் பணத்தைத்தான் வாங்கினார்கள்.

வங்கியைத் தேர்ந்தெடுப்பதில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போகாது. அத்தான் கும்பகோணத்துக்காரர். "நம்ம ஊர்ல 1904லேயே பேங்க் ஆரம்பிச்சாச்சு" என்று, தானே திறந்து வைத்தது போலச் சொல்வார். நல்ல வங்கிக்கு அவர் வைத்திருக்கும் சோதனை இரண்டு: உள்ளே போனால் மேனேஜர் "வாங்க சார்" என்கிறாரா, பாஸ்புக் பதிகிற மெஷின் வேலை செய்கிறதா. பிள்ளைக்கோ தன் வங்கியின் கிளை எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாது. கம்பெனி சம்பளம் போடுகிற இடத்தில் ஒரு கணக்கு. மற்றதெல்லாம் எக்செல் தாளில், பதினான்கு வங்கிகள், கலர் கலராக.

ஒருநாள் அத்தான் நேரடியாகவே கேட்டார். "வட்டி எவ்வளவுடா?"

"முழுசாக் கட்டிட்டா வட்டியே கிடையாதுப்பா. நாப்பத்தஞ்சு நாள் வரைக்கும் சும்மாவே தருவான்."

"கட்டலைன்னா?"

"மூணரை பர்சென்ட்."

"வருஷத்துக்கா?"

பையன் கொஞ்சம் தயங்கினான். "மாசத்துக்கு."

அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. "மூணரை வட்டின்னு தமிழ்ல சொல்லேன்டா! எங்க தாத்தா காலத்துல ரெண்டு வட்டி வாங்கினவனையே தெருவுல நிக்க வெச்சு ஏசுவாங்க."

கந்துவட்டிக்கென்று தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே வந்தது. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. ரத்தக்கொதிப்புக்காரர்.

முகுந்தனைக் குறை சொல்லவும் முடியாது. கெடுவுக்கு மூன்று நாள் முன்பே மொத்தத்தையும் கட்டிவிடுவான். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் மீதியைப் படிப்பான், சின்னப் பிள்ளைகள் பேய்ப் படம் பார்க்கிற மாதிரி. அதை மட்டும் கட்டி மீதியை விட்டால், புதிதாக வாங்குகிற சாமானுக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடுமாம்.

அவனுடைய கவலை வேறு. முன்பெல்லாம் கார்டு இருந்தாலே விமான நிலைய லவுஞ்சுக்குள் விடுவார்கள். கூட்டம் பெருத்துப்போகவே, முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் உண்டு என்று பல வங்கிகள் விதி போட்டுவிட்டன. அதிலும் வாடகை சேராது, பெட்ரோல் சேராது என்று அவன் கார்டில் ஏகப்பட்ட தீட்டு. ஆகையால் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசி வாரங்களில் அவனுக்கு உறவினர்கள்மேல் பாசம் பீறிட்டு எழும். "அத்தை, உடம்பு எப்படி இருக்கு? முட்டி வலி தேவலையா? ஃபிரிட்ஜ் எதுவும் வாங்கணுமா?" போன செப்டம்பரில் எங்கள் வீட்டுக்கு வெட் கிரைண்டர் வந்தது இப்படித்தான். பழைய கிரைண்டர் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

அவன் தங்கை கல்யாணத்தில் மண்டபத்துக்காரர், "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேத்துக் கொடுக்கணும் தம்பி" என்றார். மாப்பிள்ளை அழைப்பு வாசலுக்கு வந்துவிட்டது. பெண்ணின் அண்ணன் வாழைமரத்தில் சாய்ந்தபடி போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் பெண்ணை அனுப்பும்போது வீடே அழுதது. அவன் அழவில்லை. மேளக்காரர் ரொக்கம்தான் வாங்குவேன் என்றபோதே அழுது முடித்திருந்தான்.

இத்தனை பாயின்ட்டும் எதற்கு என்றால், ஜப்பானுக்கு. "வெளிநாட்டுல கார்டு தேய்ச்சா சாதாரணமா மூணரை பர்சென்ட் கூடப் பிடிப்பாங்க மாமா. அதுக்கு மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி. லட்ச ரூபாய்க்கு 4,130 ரூபா போச்சு. இந்தக் கார்டுல அது ஜீரோ!" என்று ஒரு மணி நேரம் விளக்கினான். எனக்கே டோக்கியோவில் சில்லறை மாற்றிவிட்டு வந்தது போல இருந்தது.

"பாஸ்போர்ட் எடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல. 1,500 ரூபா ஃபீஸ். கவர்மென்ட்டுக்குக் கட்டுற பணத்துக்கு இதுல பாயின்ட் வராது மாமா."

போன மாதம் தங்கைக்கு வளைகாப்பு. உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் கும்பகோணத்திலேயே இறக்கிவிடும். முகுந்தன் விமானத்தில் போகலாம் என்றான். அதாவது திருச்சி வரைக்கும் பறந்து, அங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் பஸ்ஸில் திரும்பி வருவது.

"ஏன்டா இந்தச் சுத்து?"

"லவுஞ்ச் மாமா! ரெண்டே ரெண்டு ரூபா. பொங்கல், வடை, காபி, வேணுங்கற மட்டும் சாப்பிடலாம்." டிக்கெட் ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கும் ஒரு ஆட்-ஆன் கார்டு எடுத்து வைத்திருந்தான்.

மீனம்பாக்கத்தில் லவுஞ்ச் வாசலில் நின்ற வரிசை, ரேஷன் கடையில் பாமாயில் போடுகிற நாளை ஞாபகப்படுத்தியது. முக்கால் மணி நேரம் நகர்ந்து மேசைக்கு வந்தோம். அந்தப் பெண் இரண்டு கார்டையும் தேய்த்துவிட்டு, "உள்ளே இடம் இல்ல சார். ஒரு பத்து நிமிஷம்" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூன்றாவது வடையைச் சாம்பாரில் முக்கிக்கொண்டிருந்தார். எதிர்த் திரையில் திருச்சிக்கு நேராகக் கடைசி அழைப்பு என்று சிவப்பாக மினுக்கத் தொடங்கியது.

"கிளம்புடா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவன் வடையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, ரெண்டு பேருக்கும் தேய்ச்சாச்சு. நாலு ரூபா."