உறைமோர் கிடைக்காத கடல்

நஞ்சன்கூட்டில் குடியிருப்பவனுக்குக் கடல் ரொம்பத் தூரத்துச் சொந்தம். எங்கள் கபிலை ஆறு நரசிபுரத்தில் காவிரியோடு சேர்ந்து, இரண்டு மாநிலத்து வக்கீல்களையும் வாழவைத்துவிட்டு, மிச்சமிருந்தால் பூம்புகாரில் போய்க் கடலைப் பார்க்கும். நேரடிச் சம்பந்தம் உள்ளவர் ஊரில் ஒருவர்தான்: கோயிலில் இருக்கும் ஸ்ரீகண்டேஸ்வரர். பாற்கடலில் கிளம்பிய விஷத்தை விழுங்கித் தொண்டையோடு நிறுத்திவிட்டவர். சின்னப் படகில் சமுத்திரத்துக்குப் போகிறவர்கள் முதல் இரண்டு மூன்று நாள் தொண்டையோடு நிறுத்தத்தான் படாத பாடு படுகிறார்கள். அவர் சாமி, முடிந்தது.

2025 மே 29 அன்று கடற்படையின் 'தாரிணி' உலகைச் சுற்றிவிட்டுக் கோவாவுக்குத் திரும்பியது. 56 அடிப் பாய்மரப் படகு. உள்ளே இரண்டே பேர், கோழிக்கோட்டு தில்னாவும் புதுச்சேரி ரூபாவும். 238 நாள் பயணம். வரவேற்கப் பாதுகாப்பு அமைச்சரே வந்திருந்தார். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அத்தை டிவியில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "அது சரி, சமையல் யாருடா?" என்றாள்.

எல்லோரும் புயலைப் பற்றியே கேட்கிறார்கள். புயல் வரும், போகும். பசி மூன்று வேளையும் வரும். பக்கக் காற்றில் படகு ஒருக்களித்துத்தான் ஓடும், அதுவும் நாள்கணக்கில். அதனால் அடுப்பை ஆடும்படி தொங்கவிட்டிருப்பார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாகவே நிற்கும். பாத்திரம் நழுவாமலிருக்க அதைச் சுற்றிக் கம்பி. சமைக்கிறவருக்குத்தான் அந்தச் சௌகரியம் கிடையாது. இடுப்பைப் பட்டையில் மாட்டிக்கொண்டு, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, கொதிக்கிற தண்ணீரைப் பொட்டலத்தில் ஊற்ற வேண்டும்.

பொட்டலம் என்றதும் எனக்குக் கொஞ்சம் மார்பு விரிந்தது. ராணுவத்துக்குக் கெடாத சாப்பாடு கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கூடம் 1961 முதல் பக்கத்து மைசூரில்தான் இருக்கிறது. இன்ஸ்டன்ட் காபித்தூளும் நூடுல்ஸும் செய்கிற பெரிய ஆலை எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையிலேயே இருக்கிறது. கடலோடியின் மளிகைக் கடையே நாங்கள்தான் என்று அத்தையிடம் கொஞ்சம் அளந்தேன்.

"எட்டு மாசமும் பொட்டலத்து உப்புமாவா?" அலையைப் பார்த்து அசையாதவள் அப்போதுதான் மிரண்டாள். நடுவில் ஃபிரிமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கு துறைமுகத்தில் கரை ஏறினார்கள், காய்கறி கிடைத்திருக்கும் என்று சமாதானம் சொன்னேன்.

அடுத்த கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். இந்த மாதிரிப் படகுகளில் அதற்கும் ஒரு கைப்பம்பு உண்டு. கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, பிறகு எல்லாவற்றையும் கடலுக்கே தள்ள வேண்டும். ஒரு கையால் பம்பு, மறு கையால் கைப்பிடி. எழுந்ததும் வால்வை மூட மறந்தால் கடல் மெதுவாக உள்ளே குடிவர ஆரம்பித்துவிடும். இரண்டு பேர் படகில் தூக்கமும் முறைதான். ஒருத்தி கண் அசந்தால் மற்றவள் மேல்தளத்தில் பாயையும் காற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் பேட்டையில் ஆளுக்கொரு ஷிப்டில் போகிற புருஷன் பெண்டாட்டிபோல, வாசற்படியில்தான் சந்திப்பு.

ஜனவரிக் கடைசியில் அவர்கள் தென் பசிபிக்கில் 'பாயிண்ட் நெமோ' வழியாகப் போனார்கள். எந்தக் கரைக்கும் சுமார் 2,688 கிலோமீட்டர். அங்கே நிற்பவருக்குப் பெரும்பாலும் கிட்டத்து மனிதர்கள், தலைக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும் விண்வெளி நிலையக்காரர்கள்தான். இதைச் சொன்னால் அத்தை அசந்துபோவாள் என்று காத்திருந்தேன்.

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்போ உறைமோர் வேணும்னா யார்கிட்டடா கேக்கறது?"