கற்பூர மரத்தாருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் அருவங்காட்டுக்காரர்கள் தவறாமல் செய்யும் அநியாயம் ஒன்று உண்டு. ராத்திரி முழுக்கக் காற்று வீசியிருக்கும். விடிந்து பார்த்தால் குன்னூர்–ஊட்டி சாலை அடைபட்டுக் கிடக்கும், கம்பி அறுந்து தொங்கும், யாரோ ஒருவர் வீட்டுக் கூரை நொறுங்கியிருக்கும். உடனே ‘என்னா காத்துப்பா!’ என்று காற்றுக்குத்தான் பேர் கொடுப்பார்கள். மறுநாள் பத்திரிகையிலும் ‘சூறைக்காற்றில் மரங்கள் சாய்ந்தன’ என்றுதான் வரும். எங்கிருந்தோ வந்து, ஒரு ராத்திரி இருந்துவிட்டு, விடியும்முன் போய்விடுகிற காற்றுக்கு இவ்வளவு புகழ். தலைமுறை தலைமுறையாக இங்கேயே நின்று, விழுவதற்கு வேண்டிய அத்தனை ஏற்பாட்டையும் செய்து வைத்திருந்த தங்களை ஒருவரும் நினைப்பதில்லை. கற்பூர மரத்தாரே, அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தப் பத்திரம். பொன்னாடை போர்த்தத்தான் ஆசை. ஆனால் தோளுக்கு எட்ட ஏணி கிடைக்கவில்லை. கிடைத்தாலும், வருஷா வருஷம் பட்டையை உரித்துக் கீழே போடுகிறவருக்குப் போர்த்தி என்ன பயன்?

முதலில் தங்கள் குலப்பெருமை. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்த யூகலிப்டஸ் வம்சம். திப்பு சுல்தான் நந்தி மலையில் 1790 வாக்கிலேயே தங்கள் உறவினரை வரவேற்றார் என்பார்கள். நீலகிரியில் தாங்கள் கால் வைத்தது 1843-இல். 1856 முதல் தோப்புத் தோப்பாக நட்டார்கள். காரணம் நியாயமானது: மலைக்குக் குளிர் தேடி வந்த வெள்ளைக்காரத் துரைமார்கள், கணப்புக்கு விறகு வேண்டுமென்று பக்கத்தில் இருந்த சோலைகளை எல்லாம் எரித்துத் தீர்த்திருந்தார்கள். சோலை மரம் வளர நூறு வருஷம் கேட்கும். தாங்களோ பத்து வருஷத்தில் வெட்டத் தயார், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்க்கத் தயார். இப்படி ஓர் உழைப்பாளியை யார் வேண்டாம் என்பார்கள்? துரைமார்கள் 1947-இல் மூட்டை கட்டினார்கள். தாங்கள் மட்டும் இந்த மண்ணின் மீது கொண்ட பாசத்தால் தங்கிவிட்டீர்கள்.

இந்த மண்ணின் சொந்த மரங்களைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாவல் ஒன்று, காட்டுச் செண்பகம் ஒன்று, காட்டுப்பூவரசு ஒன்று. எல்லாம் குட்டை. கூன் விழுந்த முதுகு, பாசி பிடித்த உடம்பு. ஒன்றின் கிளை இன்னொன்றுக்குள் நுழைந்து, எங்கே யாருடைய தலை என்று தெரியாத நெருக்கம். காற்று வந்தால் மேலே தடவிக்கொண்டு போகிறதே ஒழிய, ஒரு மரமாவது துணிந்து சாலையில் வந்து படுக்கிறதா? கிடையாது. ஆயிரக்கணக்கான வருஷமாக இதே மலையில் இதே காற்றை வாங்கிக்கொண்டு, நிமிர வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் நின்றிருக்கின்றன. வளர்ச்சி என்றால் என்னவென்று அவற்றுக்குக் காட்டியது தாங்கள்தான். நூறடிக்கு மேல் நேராக எழுந்து, அத்தனை இலையையும் உச்சியில் கூட்டி வைத்துக்கொண்டு, ‘வா, பார்க்கலாம்’ என்று நிற்கிற அந்த நெஞ்சுரம் வேறு யாருக்கு வரும்?

தண்ணீர் விஷயத்தில் தாங்கள் ஆற்றும் தொண்டு தனி. நீலகிரியின் புல்வெளிகள் மழையை வாங்கி, வைத்திருந்து, வெயில் காலத்தில் ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தன. கேட்பாரில்லாமல் கீழே போய் யாரோ குடிக்கும் தண்ணீர். தாங்கள் வந்து அந்த வீண்செலவைக் குறைத்தீர்கள். ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளன்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் தங்களை நட்டு, வருஷக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து வருஷத்தில் ஓடைக்கு வரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிவிட்டு, கட்டையிலிருந்து துளிர்க்க விட்ட அடுத்த பத்து வருஷத்தில் 25 சதவீதத்துக்கும் மேல். வெட்ட வெட்டத் தாகம் கூடும் ஒரு பிறவியைப் பற்றி இதைவிடப் பெருமையாக என்ன எழுத முடியும்? இவ்வளவு குடிக்கிறவர், மழைக்காலத்தில் தம் காலடி மண்ணையாவது உலர வைத்துக்கொள்ளக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டிய நேரத்தில் குடிக்காமல், வேண்டாத நேரத்தில் குடிப்பதுதானே பெரிய இடத்துப் பழக்கம்.

இனி காற்றுக்கு வருவோம். அதன் பங்கு எவ்வளவு சிறியது என்று காட்ட வேண்டும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவது. அது கூடலூர், அவலாஞ்சிக்காரர்களின் சமாச்சாரம். எங்களுக்கு வருவது கிழக்கே வங்கக்கடலில் கிளம்புவது. கடலில் ஒரு புயலோ தாழ்வோ உருவானால், அது கரையேறி, சமவெளியைக் கடந்து, கல்லாறு, பர்லியாறு, மரப்பாலம் என்று மலைப்பள்ளத்தில் ஏறி, குன்னூரில் ஈரத்தை இறக்கிவிட்டு, வெலிங்டன் வழியாக அருவங்காட்டுக்கு வந்து சேரும்போது மூச்சு வாங்கிப்போயிருக்கும். கடற்கரையில் அடிக்கிற வேகத்தில் பாதிகூட இருக்காது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், டெல்டாவில் லட்சத்துக்கு மேல் மின்கம்பங்களைச் சாய்த்தது. அதுதான் காற்று. எங்கள் மலைக்கு வருவது பெரும்பாலும் அதன் தூரத்து உறவு. அதனால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. உள்ளூரில் ஆள் வேண்டும்.

ஆளாகத் தாங்கள் இருக்கிறீர்கள். தங்களைத் தயார்செய்ய எங்கள் சாலைப் பொறியியல் இருக்கிறது. அந்தக் கலையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பத்திரம் முழுமையாகாது. சாலையை அகலப்படுத்த வேண்டுமா? மேட்டுப்பக்கம் ஜேசிபியை நிறுத்திச் சரிவைச் செங்குத்தாகச் செதுக்குவார்கள். விளிம்பில் நிற்கும் தங்கள் வேரில் பாதி அதோடு போய்விடும். மீதி வேர் மேட்டுப்பக்கம் மட்டும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும்; கீழ்ப்பக்கம் பிடிக்க ஒன்றும் இராது. உச்சியில் டன் கணக்கில் கிளையும் இலையும். புரட்டாசியிலிருந்து தூறல் விழுந்து விழுந்து மண் கூழாகியிருக்கும். இந்த நிலையில் தங்களைத் தள்ள ஒரு புயல் தேவையா? கார்த்திகையில் யாராவது பலமாகத் தும்மினாலே போதும். ஆனாலும் தாங்கள் அவசரப்படுவதில்லை. காற்று வரும்வரை காத்திருந்து, பழியைக் கொடுக்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டு, பிறகுதான் சாய்கிறீர்கள். அந்த நாகரிகம் மனிதர்களில் பதவியில் இருப்பவர்களிடம் மட்டுமே காணக்கிடைப்பது.

தாங்கள் சாய்ந்ததும் எங்கள் ஊருக்குள் ஒரு பழைய காலம் திரும்பி வருகிறது. அருவங்காடு என்றால் வெடிமருந்து ஆலை. 1903-04 வாக்கில் தொடங்கியது. சங்கு ஊதினால்தான் ஊருக்கே மணி தெரியும். அந்த ஆலைக்காகவே காட்டேரி அருவியில் தண்ணீரை விழவைத்து மின்சாரம் எடுத்தார்கள். தென்னாட்டில் பெரும்பாலான ஊர்கள் மண்ணெண்ணெய் விளக்குக்கே கஷ்டப்பட்ட காலம் அது. அப்புறம் 1932-இல் பைக்காரா. அப்புறம் கனடா நாட்டு உதவியோடு குந்தாத் திட்டம். கோயம்புத்தூரில் மில் ஓடியதும் சமவெளியில் பம்புசெட் ஓடியதும் இந்த மலைத் தண்ணீரால். அப்படிப்பட்ட மாவட்டத்தில், தங்களில் ஒருவர் கம்பிமேல் கைவைத்தால், தொழிலாளர் லைன் வீடுகளும் படுகர் ஹட்டிகளும் இரண்டு நாள், மூன்று நாள் மெழுகுவத்தியில் இருக்கும். முதலில் கரண்ட், அப்புறம் டவர், அப்புறம் செல்போன், அப்புறம் குழாய்த் தண்ணீர் என்று வரிசையாக விடைபெறும். டீக்கடை வாசலில் நடக்கும் பேச்சு இது:

“அண்ணா, கரண்ட் எப்ப வரும்?”

“மரம் லைன் மேல கெடக்குக்கா. அத அறுத்தெடுத்து, போஸ்ட்ட நிமித்தி… நாளைக்குப் பாக்கலாம்.”

“நேத்தும் நாளைக்குன்னுதானே சொன்னீங்க?”

“நேத்து விழுந்தது வேற மரம்க்கா.”

அந்த லைன்மேனைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. நனைந்த கம்பத்தில், அந்தக் குளிரில் ஏறுகிறவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாரும் ‘துரித நடவடிக்கை’ எடுக்கிறவர்கள்.

ரயிலுக்கும் தாங்கள் செய்யும் உபகாரத்தை மறக்கக் கூடாது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மலை ரயில், வெலிங்டனுக்கும் அருவங்காட்டுக்கும் கேத்திக்கும் நடுவே தங்களுக்கு மரியாதை செய்து நிற்கிறது. சுற்றுலா வந்தவர்கள் இறங்கித் தங்களோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளும் டயாலிசிஸுக்கு ஊட்டிக்குப் போகிறவர்களும் அடைபட்ட சாலையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் படம் எடுக்கும் ரசனை குறைவு.

சட்டமும் தங்கள் பக்கம்தான். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நல்ல சட்டம், அது இல்லாவிட்டால் எஞ்சிய சோலையும் போயிருக்கும். அதன்படி, சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிறதே என்று ஒருவர் மனுக் கொடுத்தால், மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும், ஆய்வு வரும், மறு ஆய்வு வரும், குழு கூடும். தாங்கள் அதற்குள் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருப்பீர்கள். இந்த மலையில் மனு எழுதாமல், முத்திரை ஒட்டாமல் மரம் சாய்க்கும் உரிமை பெற்றது காற்று ஒன்றுதான். விழுந்த பிறகு பாருங்கள், எத்தனை சுறுசுறுப்பு! கட்டை அளக்கப்படும், எண் போடப்படும், ஏலம் விடப்படும். நின்றபோது யாருடைய பொறுப்பு என்று தெரியாதிருந்த மரம், விழுந்ததும் யாருடைய சொத்து என்று தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் பாராட்டைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன். 2009 நவம்பர் 10-ஆம் தேதி, எங்களுக்கு அடுத்த ஊரான கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த நாட்களில் நீலகிரியில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மழையைக் கொண்டுவந்த தாழ்வு அப்புறம் ஃபியான் என்று பெயர் வாங்கி, அரபிக்கடலில் வடக்கே போய், மறுநாள் மகாராஷ்டிரத்தில் கரையேறியது. ‘இயற்கைச் சீற்றம்’ என்று ஒரு வார்த்தையில் கணக்கை முடித்தார்கள். அந்தச் சாவுகளைத் தங்கள் கணக்கில் நான் எழுதவில்லை, எழுதினால் பொய். ஆனால் சரிவை வெட்டி வீடு கட்டியது, ஓடையை மூடிச் சாலை போட்டது, புல்வெளியையும் சோலையையும் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது, இதெல்லாம் சீற்றத்துக்கு முன்னால் நடந்தவை. அவற்றைச் செய்தது வானம் அல்ல.

சரி, தங்கள் உறவினர்களின் சாதனைக்கு வருவோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாலையெங்கும் படுத்தவர்களில் தூங்குமூஞ்சியும் குல்மோகரும் போன்ற வந்தேறி அழகர்கள் நிறைய. வேம்பும் புங்கனும் அவ்வளவாகப் படுக்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு இதிலெல்லாம் பயிற்சி போதாது. பிரான்ஸில் லாந்து என்ற வட்டாரத்திலும் தங்கள் போக்கில் போகிறவர்கள் உண்டு. சதுப்பு மேய்ச்சல் நிலத்தை வடிகட்டி மரம் நடவேண்டும் என்று அங்கே 1857-இல் சட்டம் போட்டார்கள், இங்கே தங்களைத் தோப்பாக நடத் தொடங்கிய மறு வருஷம்; நட்டது பெரும்பாலும் ஒரே வகைப் பைன். 2009 ஜனவரி 24-இல் கிளாஸ் என்ற குளிர்காலப் புயல் வந்து அந்தப் பைன் காட்டில் பெரும் பகுதியை ஒரே நாளில் படுக்க வைத்தது. ஒரே வயது, ஒரே உயரம், ஒரே வரிசை என்று ஒழுங்காக நின்றால் ஒழுங்காக விழலாம் என்பதை உலகத்துக்குக் காட்டிய பெருமை இரு குடும்பங்களுக்கும் உரியது.

தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியவர்களும் இருக்கிறார்கள், உண்மையாகவே. தோட்டத்துப் பெண்கள் சுமந்து வருகிற சுள்ளி தங்களுடையது. தேயிலை ஃபாக்டரியில் இலை உலர்த்தும் அடுப்பில் எரிவதும், தைலம் காய்ச்சுகிறவர்கள் கொப்பரையில் போடும் இலையும் தங்களுடையவை. அவர்கள் சேர்த்துக்கொண்டது ஆளுக்கு ஒரு கட்டு, ஒரு மூட்டை. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு லாரி லாரியாகப் போன கூழ்மரம் வேறு கதை. அந்த ஆலை பவானியை நாறடித்துவிட்டு மூடிக்கொண்டது. அதற்காக நட்ட மரங்கள் மட்டும் மலையில் நின்றுவிட்டன. அந்தப் பெரிய கணக்கைப் பற்றிக் கேட்டால், சுள்ளி சுமக்கும் பெண்ணை முன்னால் நிறுத்திப் பதில் சொல்வார்கள்.

அந்நியத் தாவரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசே 2022-இல் ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. தாங்கள் பயப்பட வேண்டாம். கொள்கைகளும் தங்களைப்போல உயரமானவைதான்.

மாவட்ட நிர்வாகத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இந்தப் பெருமானையும் இவருடைய குடும்பத்தாரையும் மலை முழுவதும் ஒரே நாளில் வெட்டித் தள்ளச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் மண்ணும் சேர்ந்து வரும். சாலை விளிம்பில், பள்ளிக்கூடத்துக்கு மேலே, லைன் வீட்டுக் கூரைக்கு மேலே, ரயில் பாதையோரம், மின்கம்பி பக்கத்தில் பாதி வேரோடு நிற்பவர்களை மட்டும் புரட்டாசிக்குள் கணக்கெடுத்து வழியனுப்பி வையுங்கள். அவர்கள் நின்ற இடத்தில் அந்தக் கூன் விழுந்த நாவலையும் காட்டுச் செண்பகத்தையும் நடுங்கள். எந்தெந்த மரம் என்று தேடி யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. மனுக்கள் ஏற்கெனவே தங்கள் அலுவலகங்களில்தான் இருக்கின்றன.