திருடன் வராத வீட்டுப் பூட்டுகள்

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிற பாதையில் ஒரு பெரிய கறுப்புக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். ஒரு மரப்பெட்டி, அதன்மேல் சாவி வெட்டும் மெஷின், கம்பி வளையத்தில் கொத்துக் கொத்தாகப் பழைய சாவிகள். தகர போர்டில் ‘எல்லா வகைப் பூட்டும் திறந்து தரப்படும்’ என்று எழுதியிருக்கும். ‘உரியவர்களுக்கு மட்டும்’ என்று கூடவே சேர்க்கச் சொன்னார் ஓர் ஏட்டையா. பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னதும் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

திருடர்கள் இருப்பதால்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்று ஊரில் ஒரு நினைப்பு. சுத்தப் பொய். திருடனுக்குப் பூட்டோடு மல்லுக்கட்டப் பொறுமை கிடையாது. ஓட்டைப் பிரித்து இறங்குவான், இல்லாவிட்டால் கடப்பாரையால் நாதாங்கியைப் பெயர்ப்பான். மறுநாள் காலையில் பூட்டு மட்டும் கீறல் படாமல் திண்ணையில் கிடக்கும். எனக்குச் சோறு போடுவது வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஜனங்கள். மாமியார் மருமகளுக்காகப் பூட்டுகிறார். அப்பன் பிள்ளைக்காக, அண்ணன் தம்பிக்காக.

என் அப்பா காலத்தில் டெலிபோனுக்கே பூட்டு இருந்தது. நம்பரைச் சுழற்றுகிற டயலின் ஓட்டைக்குள் சொருகுகிற சின்னப் பூட்டு. சாவி வீட்டுப் பெரியவரின் அரைஞாண்கயிற்றில் தொங்கும். பையன்கள் லேசுப்பட்டவர்களா? ரிசீவர் வைக்கிற கட்டையை எண்ணி எண்ணித் தட்டியே நம்பர் போட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் பில் வந்ததும் பெரியவர் நேரே அப்பாவிடம் வந்து, “என்னப்பா பூட்டு குடுத்திருக்க!” என்று சத்தம் போடுவார். அடுத்து வந்தது சட்டர் வைத்த டிவிப் பெட்டி. பிப்ரவரி பிறந்தால் அதற்குப் பூட்டு வாங்க ஆள் வரும், பரீட்சை முடிகிற வரைக்கும் எங்களுக்குச் சீசன். இப்போது பிரிட்ஜுக்கும் மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்கும் வருகிறார்கள். வைஃபைக்கு மட்டும் பாஸ்வேர்டு போட்டுக்கொள்கிறார்கள். அதில் எனக்குப் பைசா தேறாது.

ஒரு பையன் சோப்புக் கட்டியில் சாவியைப் பதித்து எடுத்துக்கொண்டு வந்தான். இதே மாதிரி வெட்டித் தர வேண்டுமாம். என்ன சாவி என்று கேட்டேன்.

“எங்க கடைக் கல்லாப்பெட்டிதாண்ணே.”

“அப்ப அப்பாவையே கூட்டிட்டு வா தம்பி.”

போனவன் திரும்பவில்லை. மறுநாள் அவன் அப்பா தனியாக வந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவராகவே சாவியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், “இது ரெண்டு நாளா சந்தனம் மணக்குதுப்பா. பூட்டை மாத்திரணும்” என்றார்.

கல்யாண வீட்டுப் பீரோவுக்கு வருவோம். தாலி பீரோவுக்குள், பீரோவின் சாவி எங்கேயோ. முகூர்த்த நாளில் என்னைத் தேடி ஆள் ஓடி வருவது புதிதல்ல. ஒருமுறை போனபோது மாப்பிள்ளையின் அம்மா எல்லாரையும் அறையைவிட்டு வெளியே அனுப்பித் தாழ் போட்டுக்கொண்டு, என் தலைக்கு மேல் நின்றுகொண்டார்.

சாவியே இல்லாமல் சாவி செய்வது எப்படி என்று பலருக்கும் ஆச்சரியம். வெட்டாத சாவிக்குப் பிளாங்க் என்று பெயர். அதை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, துவாரத்தில் விட்டு லேசாகத் திருக வேண்டும். உள்ளே லீவர் இடிக்கிற இடத்தில் கரி அழிந்து பித்தளை பளிச்சென்று தெரியும். அங்கே மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு. திரும்பவும் கரி, திரும்பவும் திருகல். லீவரைக் கொஞ்சம் குறைவாகத் தூக்கினாலும் தாழ் நகராது, கூடுதலாகத் தூக்கினாலும் நகராது. சம்பந்தி மரியாதை மாதிரி.

இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. லண்டனில் பிராமா என்பவர் தன் பூட்டைக் கடை ஜன்னலில் தொங்கவிட்டு, இதைத் திறப்பவருக்கு 200 கினி என்று சவால் வைத்திருந்தார். பத்து இருபது ஆண்டுகளல்ல, அறுபது ஆண்டுக்கு மேல் அதை ஒருவராலும் திறக்க முடியவில்லை. 1851இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் என்பவர் திறந்துகாட்டினார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. கொடுத்துவைத்த மனுஷன்! எனக்கு ஐந்தாவது நிமிஷமே நாதஸ்வரக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பத்தாவது நிமிஷம் ஐயர். கினி கிடக்கட்டும், ஒரு காபிக்குக்கூட நாதியில்லை.

பீரோ திறந்ததும் அந்த அம்மா, “திரும்பி நில்லு தம்பி” என்றார். சுவரைப் பார்த்து நின்றேன். உள்ளே ஏதேதோ இடம் மாறுகிற சத்தம் கேட்டது.

“ஒரு டூப்ளிகேட்டும் போட்டுடலாங்களாம்மா? இன்னொரு தடவ இப்படி ஆகாது.”

“எதுக்கு? வரப்போறவ கையில சிக்கறதுக்கா?”

தாலியே இன்னும் ஏறவில்லை.

மனிதர்களைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம். பெரிய கோயில் உண்டியலில் ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டு தொங்கும், சாவிகள் வேறு வேறு ஆட்களிடம் இருக்கும், போதாததற்கு அரக்கு முத்திரை வேறு. சாமி கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிற இடத்திலேயே இந்த ஏற்பாடு என்றால், பேங்க் லாக்கருக்கு ஏன் இரண்டு சாவி என்று கேட்கவே வேண்டாம்.

எங்கள் ஊரிலேயே ஒரு பூர்வீக வீடு இருக்கிறது. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன் முதலில் கதவில் ஒரு மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிட்டார். அசல் திண்டுக்கல் சரக்கு. பித்தளை லீவர், கையால் ராவின சாவி. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பரம்பரை அது. தம்பி வந்து அதே கதவில் இன்னொரு கொண்டி அடித்து அலிகார் பூட்டைப் போட்டார். மெஷினில் செய்து வருவது, விலையும் கம்மி. ‘எப்படியும் வீடு எனக்குத்தான் வரப்போகுது, அதுவரைக்கும் இது தாங்கினா போதும்’ என்பது அவர் கணக்கு. திண்டுக்கல் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடியதற்கும் இந்தக் கணக்குதான் காரணம் என்று எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஆனாலும் இரண்டு பூட்டையும் விற்றது நான்தான். வியாபாரம் வேறு, வயிற்றெரிச்சல் வேறு.

தம்பியின் பூட்டைத் திறந்து தரச் சொல்லி அண்ணன் வந்தார். கோர்ட்டு உத்தரவோடு வாங்க என்றேன். அண்ணன் பூட்டைத் திறக்கச் சொல்லி வந்த தம்பிக்கும் அதே பதில். உத்தரவு இதுவரை வரவில்லை, மழைதான் வந்தது. இரண்டு பூட்டும் துருப்பிடித்து இறுகிவிட்டன. இதற்குள் யாரோ தேங்காய் எண்ணெயை வேறு ஊற்றி, அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. மெஷின் ஆயில் விட வேண்டுமென்று தம்பி கூப்பிட்டார்.

“அவர் பூட்டுல ஒரு சொட்டுக்கூட படக் கூடாது, ஆமா!”

சாயங்காலம் அண்ணன் வந்தார். அவரும் இதையேதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே நடையாகப் போய் இரண்டையும் தொங்கியபடியே துடைத்து எண்ணெய் விட்டேன். ஒரே ஆயில் டப்பா, ஒரே துணி. வண்டிக்குப் பெட்ரோல் காசு மட்டும் இருவரிடமும் தனித்தனியாக வாங்கிக்கொண்டேன்.